பிடில்காரி பேர்பெச்சுவா

என்னுடைய மனைவி பேர்பெச்சுவா அயர்லாந்துக்காரரின் பிடில் வாசிக்கிறவள் என்று சொன்னால், எங்கள் ஆட்கள் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். பெண்சாதியை அவள் போக்கில் விட்டுவிட்டு நிற்கிற சோணகிரி என்கிற பார்வை. நானும் அந்தக் காலத்தில் வெட்கப்பட்டேன்தான். அதை மறைத்து இப்போது என்ன காணப்போகிறேன்? எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாயும் சும்மா இராது. அப்படிப்பட்டவன் ஒரு விசயத்தை இருபத்தாறு நாள் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் அவளைச் சொல்லவேண்டும்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹாம் நகரத்தில். ஊன்ட்றொப் அம்மன் கோயில் பஸ்ஸில் போகிற தூரம். நான் வின்சன்ற், பிறந்தது மன்னார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் விடியப்புற ஷிப்ட். அவள் யாழ்ப்பாணத்துப் பாசையூர்; ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. இரண்டு பேரும் வேதக்காரர், கத்தோலிக்கர்; இரண்டு பேரும் அகதியாக வந்தவர்கள். தொண்ணூற்று மூன்றில் கலியாணம் செய்தோம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்றால் என்னுடைய வாயும், பிறகு வந்த அந்தப் பிடிலும்தான்.

ஊரில் அவள் கோயில் பாடகர் குழுவுக்காக ஆறு வருசம் வயலின் பழகியவள். எங்கள் சங்கீத முறையில்தான். பதினேழு வயதில் ஓடி வந்தபோது வயலினை யார் தூக்கிக்கொண்டு வருவது? அது அங்கேயே போய்விட்டது. தொண்ணூற்று ஒன்பதாம் ஆண்டு மார்கழியில் ஆஸ்பத்திரி ஊழியர்களின் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், விருந்து நடந்தது. கைகால் வழங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஹைக்கே என்கிற ஜெர்மன்காரி எழும்பி நின்று பிடிலில் ஒரு அயர்லாந்துப் பாட்டு வாசித்தாள். தாளம் இல்லாமல், விருத்தம் பாடுகிற மாதிரி ஆறுதலாகப் போகிற பாட்டு. இவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள், ரப்பர் கையுறையில் நுரை சொட்டச்சொட்ட மண்டபத்துக்குள் வந்து நின்றுவிட்டாளாம். மேற்பார்வைக்காரி கூப்பிட்டும் காது கேட்கவில்லையாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது நான் கேட்டது, மேற்பார்வைக்காரி என்ன சொன்னாள், வேலைக்கு ஏதும் பிரச்சினையோ என்றுதான். என்னுடைய சங்கீத ஞானம் அவ்வளவு.

அடுத்த மாதம் பழைய சாமான் சந்தையில் ஒரு பிடில் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் வராததுமாக நரம்புகளை முறுக்கி, ஊரில் பழகினபடி ச–ப–ச–ப என்று சுருதி சேர்த்துவிட்டாள். வெள்ளைக்காரர் அப்படிச் சேர்ப்பதில்லை என்பது அவளுக்கு மறந்தே போயிற்று. அந்தக் கோலத்தோடு மூன்ஸ்ரர் நகரத்துக்கு, ஹைக்கேயும் கூட்டாளிகளும் மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கூடி வாசிக்கிற பியர்க் கடைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அங்கே தலைவன் கிடையாது, கடதாசி கிடையாது. யாராவது ஒருவர் ஒரு பாட்டைத் தொடங்குவார், தெரிந்தவர் சேர்ந்துகொள்வார். எல்லோரும் கதிரையில் இருக்க, என்னுடைய மனிசி என்ன செய்தாள் தெரியுமா? பியர்க் கடை நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்து, பிடிலின் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது.

சிரிப்பார்கள் என்று பார்த்தால், ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் நரம்பைத் தொட்டதும் ஹைக்கே வாசிப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்து, இந்தச் சுருதி உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டாள். அயர்லாந்தின் வடமேற்கிலும் ஸ்கொட்லாந்திலும் பழைய பிடில்காரர் சில பாட்டுகளுக்கு நரம்பை இப்படித்தான் மாற்றி முறுக்குவார்களாம். சரியாக ச–ப–ச–ப. ஹைக்கே அதைப் புத்தகத்தில் படித்து, பழைய ஒலிநாடாக்களில் தேடிக்கொண்டிருந்த நேரம். இவள் தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்து முகம் சிவந்துபோய் இருந்தாள். ஹைக்கே இவளைப் பெரிய வித்துவான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் உண்மை விளங்கி ஒன்றாகச் சிரிக்க அரைமணி நேரம் எடுத்தது. அன்று தொடங்கிய சிநேகிதம்.

பிறகென்ன, வீடு வீடாக இல்லை. விடிய மூன்று மணிக்கு எழும்புகிறவன் பின்னேரம் கண்ணயரலாம் என்றால் பக்கத்து அறையில் கீச்சுக் கீச்சென்று அயர்லாந்து. நான் கத்துவேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் மெதுவாக வாசிப்பாள். மூன்று வருசத்தில் மேடையில் ஏறினாள். நாலாம் வருசம், நகரசபை நடத்துகிற மாலை வகுப்பில் வியாழன்தோறும் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சான்றிதழ் ஒன்றும் இல்லாதவளுக்கு ஹைக்கேதான் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்பிக் கொடுத்தாள். எட்டு மாணவர்கள், எல்லோரும் ஜெர்மன்காரர். அதில் ஒருவர் பல் வைத்தியர். ஒருநாள் குடை கொடுக்கப் போனவன் வாசலில் நின்று பார்த்தேன். கடதாசி எல்லாவற்றையும் பறித்து மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, முதலில் கேளுங்கள், பிறகு பாடுங்கள், கடைசியாகத்தான் வாசிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மும்மூன்றாக ஓடுகிற ஆட்டப் பாட்டுக்கு அந்தப் பல் வைத்தியர் தொடையில் தட்டித் ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போயிற்று. குடையையும் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

இதெல்லாவற்றையும்விட அவளுக்கு உயிராக இருந்தது அவளுடைய ஆராய்ச்சி. நான் அவளை ஆராய்ச்சிக்காரி என்று நக்கலடிப்பேன். பெரிய கொப்பி ஒன்று. இடப்பக்கத்தில் அயர்லாந்தின் தாளமில்லாத சோகப் பாட்டுகள், ச ரி க ம எழுத்தில். வலப்பக்கத்தில் பாசையூரில் தவக்காலத்தில் கோயிலில் பாடுகிற பசாம் பாட்டுகள், அதாவது யேசுவின் பாடுகளைச் சொல்லி அழுகிற பாட்டுகள். அயர்லாந்திலும் ஒரு காலத்தில் பெண்கள் செத்த வீட்டில் கூடி ஒப்பாரி வைத்தார்களாம். அங்கேயும் கோயில் குருமாரான சுவாமிமார் அது கூடாது என்று தடுத்தார்களாம். அடி முடிகிற இடத்தில் குரல் விக்கி இறங்குவது இரண்டிலும் எப்படி ஒன்றாயிருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினாள். ஹைக்கே ஜெர்மன் மொழியைத் திருத்திக் கொடுத்தாள். அயர்லாந்து இசைக்காரரின் சின்னப் பத்திரிகை ஒன்றில் அது வந்தது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு சங்கத்தின் கூட்டத்தில் வந்து பேசச் சொல்லிக் கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்தை அவள் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருந்தாள்.

பசாம் பாட்டுகள் அவளுக்கு எங்கேயிருந்து வந்தன என்றால், அவளுடைய தகப்பனிடமிருந்து. எனக்கு மாமா. ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நாற்பது வருசம் பாசையூர்க் கோயிலில் பசாம் பாடியவர். ஞாயிறு பின்னேரம் எங்கள் நேரம் நான்கு மணியளவில் மாமாவின் மிஸ்ட் கோல் வரும். தன் மகன் சஞ்சயனின் கைத்தொலைபேசியிலிருந்து இவளுடையதற்கு ஒரு தரம் அடித்துவிட்டு வைத்துவிடுவார். அது எங்கள் ஆட்கள் எல்லோருடைய வழக்கமும்தான். அங்கேயிருந்து கதைத்தால் காசு பறக்கும். ஆகையால் அங்கே ஒரு தரம் அடித்து வைக்க, இங்கே இருக்கிற நாங்கள் மலிவு ரெலிபோன் காட்டின் இலக்கத்தைச் சுரண்டி எடுத்துக் கதைப்போம். இவள் காட்டைச் சுரண்டி, ரெலிபோன் வாய்க்குப் பக்கத்தில் ஒலிநாடாப் பெட்டியை வைத்துக்கொண்டு எடுப்பாள். மாமா கனைத்துத் தொண்டையைச் சரிசெய்து ஒரு பாட்டுப் பாடுவார். கிழமைக்கு ஒரு பாட்டு. எழுபத்தாறு வயதில் தன்னுடைய பாட்டுக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சி நடக்கிறது என்று அவருக்குச் சரியான பெருமை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம்.

அந்த வருசம் ஆவணி முதல் ஞாயிறு, ஹாமுக்கு வெளியே ஒரு பண்ணையின் பழைய வைக்கோல் கொட்டிலில் கச்சேரி. நூற்றிருபது பேர் இருந்திருப்பார்கள். நான் முன்வரிசையில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஹைக்கே மேடைக்கு வந்து, சோகப் பாட்டுகளுக்கு ஊசி விழுகிற சத்தமும் கேட்கக்கூடாது, தயவுசெய்து கைத்தொலைபேசிகளை நிற்பாட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

இந்த இசைக்காரரிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒரு பாட்டை வாசிக்க முன்னம் அது யாரிடமிருந்து கிடைத்தது என்று சபையில் சொல்லவேண்டும். பேர்பெச்சுவா எழும்பி, இந்தப் பாட்டை என் அப்பாவிடம் எடுத்தேன், எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை பாடுவது, ரெலிபோனில் கற்றுக்கொண்டேன் என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். சனம் அன்போடு சிரித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் நான் அவளுடைய வாசிப்பை முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன். ஆறரை வருசம் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு திட்டியவன், நெஞ்சு நிறைய, இது என்னுடைய மனிசி என்று பக்கத்தில் இருந்த கிழவரிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

அந்த நேரம் மடியில் கைப்பை நடுங்கியது. மெல்லத் திறந்து பார்த்தேன். சஞ்சயனின் நம்பர். நேரம் நான்குக்குப் பத்து. ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் வழமையான மிஸ்ட் கோல் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பொறுங்கோ மாமா, உங்கட பாட்டைத்தான் வாசிக்கிறாள் என்று மனதுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டேன். மறுபடியும் நடுங்கியது. பக்கத்துக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய பாட்டை நானே கெடுத்துவிடுவேனோ என்று பதறிப்போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்து அதை முழுதாக அணைத்து நூத்துவிட்டேன். பையை மூடி வைத்துவிட்டு மிச்சப் பாட்டைக் கேட்டேன்.

வீட்டுக்கு வர ஆறு மணியாகப்போகிறது. அவள் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தாள், ஏதோ அழுத்தினாள், பிறகு காட்டைச் சுரண்டி ஊருக்கு எடுத்தாள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மத்தியானம் மாமாவுக்கு நெஞ்சு நோவு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே ஏழரை மணிக்கு, பிள்ளையோடு கதைக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். சஞ்சயனின் போனில் காசில்லை. அவனும் வழமைபோல மிஸ்ட் கோல் கொடுத்துவிட்டு, இப்போது எடுப்பாள், இப்போது எடுப்பாள் என்று போனைத் தகப்பனின் காதோடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். நாலு தரம் அடித்தானாம். எட்டரைக்கு மாமா போய்விட்டார்.

ஐயோ கடவுளே, அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் அழவில்லை. பிடில் பெட்டியை என்னிடம் நீட்டி, “இதை அலுமாரிக்கு மேல வையுங்கோ. இனி எனக்கு வேண்டாம்” என்றாள். நான் வைத்தேன்.

அடுத்த நாள் என்னுடைய அக்கா நேசமலர் வந்தா. அக்கா எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவ; எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறவ. “ஏன் பிள்ளை, நாலு தரம் அடிச்சும் நீர் போன் எடுக்கேல்லையாமே?” என்று கேட்டா. பேர்பெச்சுவா தலை நிமிராமல், “போன் நூந்து கிடந்தது மச்சாள்” என்றாள். தான்தான் நூத்துவிட்டதாக நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கிற்று. அப்போதும் நான் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டுப்பட்டது. ரெலிபோனும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்காவது ஊருக்குப் போகலாம் என்று நினைத்திருந்தாள். அதுவும் இல்லையென்று ஆயிற்று. வியாழன் வகுப்பை நிற்பாட்டினாள். ஐப்பசிக் கூட்டத்துக்கு வர ஏலாது என்று எழுதிப் போட்டுவிட்டு, குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த கடிதத்தைக் கிழித்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், என்னுடைய சட்டைகளை அயன் பண்ணி வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஹைக்கே இரண்டு தரம் வந்து, பக்கத்தில் இருந்துவிட்டுப் போனாள். பல் வைத்தியரும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு கார்ட் அனுப்பினார்கள். அதைப் படித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

பின்னேரம் நான் படுத்தால் வீடு அப்படி அமைதி. அந்த அமைதிக்காக எத்தனை நாள் கத்தியிருப்பேன்! இப்போது கண்ணை மூடினால் நித்திரை வரவில்லை. இவள் இனிப் பிடிலைத் தொடவே மாட்டாளோ என்ற பயம் என்னைத் தின்றது. தொடாமல் விட்டால் அது யாரால்? என்னால். தகப்பனையும் நான்தான் பறித்தேன், பாட்டையும் நான்தான் பறித்தேன். சொல்லிவிட்டால் அவள் தன்னை நோகிறதையாவது விடுவாள். ஆனால் சொன்ன பிறகு என் முகத்தில் எப்படி விழிப்பாள்? இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து ஆவணி முழுதும் உருண்டேன்.

மாதத்துக்கு ஒரு தரம் நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போனபோது, கெட்டித்தனம் பண்ணி, சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்து இதை இறக்கி வைத்துவிடலாம் என்று பார்த்தேன். சுவாமி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, கடவுளுக்கு இது முதலே தெரியும், தெரியாத ஆள் உம்முடைய வீட்டில் இருக்கிறா, அவவிடம் போய்ச் சொல்லும், அதுதான் உமக்கு அபராதம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவார்? ஆனால் மனிசன் சொன்னது சரி என்று வீட்டுக்கு வரும்போதே தெரியும்.

முப்பத்தோராம் நாள் செவ்வாய்க்கிழமை விழுந்தது. இந்த நாட்டில் நல்லது கெட்டது எல்லாம் சனிக்கிழமைக்குத்தான். ஆகையால் முந்தின சனி வைப்பதென்று முடிவு. வெள்ளி பின்னேரம் அவள் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வேலை உடுப்பும் மாற்றாமல் போய் நின்றேன்.

“அண்டைக்குப் போனை நூத்தது நான்தான்” என்றேன்.

அவள் கையில் இருந்த கத்தரிக்காயை வெட்டி முடித்தாள். துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள்.

“தெரியும்” என்றாள்.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “அப்பா எடுப்பார் எண்டு நான் அதை ஒருநாளும் நூக்கிறதில்லை. சத்தத்தை மட்டும்தான் குறைச்சு வைக்கிறனான். வீட்டை வந்து எடுத்த உடன, நூத்துத் திறந்தால் கேக்கிற பின் நம்பரைக் கேட்டது. பை உங்கட மடியிலதானே இருந்தது.”

பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

“நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்தனான். இருவத்தாறு நாள் இருந்தனான்.” கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தாள். “பிடிலைத் தொட்டால் எனக்கு அழுகை வரும். அழுகை வந்தால் உங்களில கோவம் வரும். அந்தக் கோவத்தில நான் என்ன சொல்லிப்போடுவன் எண்டு எனக்கே தெரியாது. சொன்னால் பேந்து நாங்கள் ரெண்டு பேரும் இந்த வீட்டில எப்பிடிச் சீவிக்கிறது? அதுதான் மேல வைக்கச் சொன்னனான்.”

எனக்காகப் பிடிலை விட்டிருக்கிறாள். அக்காவுக்கு முன்னால் போன் நூந்து கிடந்தது என்றவள், நூத்தது யார் என்று சொல்லவில்லை. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டு திரிய, அவளும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் குசினிக் கதிரையில் இருந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அதற்குப் பிறகுதான் அவள் என்னை ஏசினாள். பதின்மூன்று வருசத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கேட்டேன். மிஸ்ட் கோல் என்றால் எனக்கு விளையாட்டாம். ஒரு தரம் அடித்தால் சரி, இரண்டாம் தரம் ஏன் அடிக்கிறது என்று யோசிக்க மூளை வேண்டாமாம். அப்பா காதோடு போனை வைத்துக்கொண்டு கிடந்தாரே, கிடந்தாரே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். கடைசியில் களைத்துப்போய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மிச்சக் கத்தரிக்காயை நான் வெட்டினேன்.

சனிக்கிழமை காலையும் அவள் என்னோடு கதைக்கவில்லை. கோயிலில் பூசை முடிந்து முப்பது பேர் வரையில் வீட்டுக்கு வந்தார்கள். ஹைக்கே கறுப்பு உடுப்போடு ஒரு சட்டி உருளைக்கிழங்குச் சலாட் கொண்டு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பெண்களோடு பாயில் இருந்தாள். மாமாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொன்னோம். முடிந்து சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம், பேர்பெச்சுவா அறைக்குள் போனாள். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை; தானே ஏறிப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள்.

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. செத்த வீட்டில், அதுவும் முப்பத்தோராம் நாள் கணக்கு முழுதாக முடிய முன்னம், ரேடியோகூடப் போடுவதில்லை. என் பக்கம் திரும்பி, “தம்பி, என்னடா இது? சனம் என்ன சொல்லும்?” என்று பல்லைக் கடித்தா. என்னுடைய வாய் அன்றைக்காவது நல்ல வேலை ஒன்று செய்தது. “சும்மா இருங்கோ அக்கா” என்றேன்.

ஒரு மாதம் தொடாமல் கிடந்ததில் நரம்பெல்லாம் தளர்ந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாக முறுக்கி, காதுக்குப் பக்கத்தில் பிடித்துச் சுண்டிப் பார்த்துச் சேர்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மாமாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டைத் தொடங்கினாள். கொட்டிலில் வாசித்ததைவிட ஆறுதலாக. ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் வில் நின்று, மூச்செடுத்து, மறுபடி புறப்பட்டது.

முதல் அடி முடிய, இரண்டாம் அடிக்கு ஒரு குரல் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா! தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சொற்களைச் சொல்லிப் பாடுகிறா. அந்தப் பாட்டு மன்னாரிலும் உண்டல்லவா, சின்ன வயதில் பெரிய வெள்ளிதோறும் பாடியவதானே. அக்காவைத் தொடர்ந்து மற்றப் பெண்கள். பிறகு ஆம்பிளைகள். தெரிந்தவர் சேர்ந்துகொண்டார்கள். ஆறாவது மாடியில் எங்கள் சின்ன வீடு முழுக்க அந்தப் பாட்டு. ஹைக்கேக்கு ஒரு சொல்லும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு சுருதி மட்டும் பிடித்தாள்.

மூன்றாம் அடியில் பேர்பெச்சுவாவுக்குக் கண்ணீர் வந்தது. பிடில் பலகையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தோள் குலுங்கியது. வில் நிற்கவில்லை. நானும் பாடத்தான் வாய் திறந்தேன். குசினிக்குள் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனம் போய் முடியப் பின்னேரம் ஆறு மணி. ஹைக்கே கடைசியாகப் போனாள். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பிடிலோடு வந்து குசினி வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ” என்றாள். “கோவம் இன்னும் போகேல்லை. அது போக நாள் எடுக்கும்.”

எவ்வளவு நாள் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“அதுவரைக்கும் நான் வாசிப்பன். நீங்கள் முன்னுக்கு இருந்து கேக்கோணும். படுக்கப் போறன் எண்டு எழும்பிப் போகப்படாது.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

இப்போது மூன்று வருசமாகிறது. வியாழன் வகுப்பு மறுபடி நடக்கிறது. கொப்பியும் இரண்டாம் கொப்பியாகிவிட்டது. வேலையால் வந்து, சாப்பிட்டு, ஒவ்வொரு பின்னேரமும் நான் அந்தக் கதிரையில் இருக்கிறேன். அவள் எனக்கு முன்னால் இருந்து வாசிக்கிறாள். கோபம் போய்விட்டதா என்று நான் இதுவரை கேட்கவில்லை. போய்விட்டது, நீங்கள் போய்ப் படுங்கோ என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.